நன்கொடை வற்றும் வேளையில் நாம் கேட்கவேண்டிய கேள்வி

2025 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதியாக இரண்டாவது தடவை பதவியேற்ற டொனால்ட் ட்ரம்ப், வெளிநாட்டு அபிவிருத்தி உதவிகளை 90 நாட்களுக்கு இடைநிறுத்தும் உத்தரவில் கையொப்பமிட்டார். அவ்வாண்டு ஜூலை முதலாம் திகதியுடன் யூ.எஸ்.எயிட் நிறுவனம் தனி அமைப்பாக இயங்குவது முடிவுக்கு வந்தது. எஞ்சிய பணிகள் இராஜாங்கத் திணைக்களத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. வாஷிங்டனில் இடப்பட்ட அந்த ஒரு கையொப்பம், உலகின் பல பாகங்களிலும் கிராம மட்டத்தில் இயங்கிய சிறு அமைப்புகளின் அன்றாடப் பணியை ஒரே வாரத்தில் முடக்கியது. இலங்கையும் அதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை.

அரசாங்கங்களின் உதவி குறைந்தால் தனியார் மன்றங்களின் நிதி அந்த இடத்தை நிரப்பும் என்ற நம்பிக்கை சிலரிடம் உண்டு. அந்த நம்பிக்கைக்கு உறுதியான அடிப்படை இல்லை. உலகின் மிகப்பெரிய மன்றங்களுள் ஒன்றான கேட்ஸ் மன்றம், அடுத்த 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 கோடி டொலரைச் செலவிட்டு, 2045 டிசம்பர் 31 ஆம் திகதியுடன் தன் கதவை மூடிக்கொள்ளப்போவதாக 2025 மே மாதத்தில் அறிவித்தது. அதன் கவனமும் தாய்சேய் மரணங்கள், தொற்றுநோய்கள், கடும் வறுமை ஆகியவற்றின் மீதே குவிந்திருக்கும். வடக்கு கிழக்கிலோ மலையகத்திலோ புத்தளத்திலோ இயங்கும் ஒரு சிறிய பெண்கள் அமைப்பின் தேவை அத்தகைய மன்றங்களின் பார்வைக்கு எட்டுவது அரிது.

ஆகவே, இழந்த பணத்தை எங்கிருந்து பெறுவது என்ற கேள்விக்கு முன்னதாக, அந்தப் பணம் எதற்குரியது என்ற கேள்வியை நாம் கேட்டாகவேண்டும். அரசாங்கம் வரிப்பணத்தைச் செலவிடுகின்றது. அது தோல்வியடைந்தால் பாராளுமன்றத்தில் பதிலளிக்கவேண்டும். வங்கி வைப்பாளரின் பணத்தைக் கையாள்கின்றது. ஈடு இல்லாமல் அது அசையாது. இவ்விரண்டாலும் செய்யமுடியாத ஒன்றை மன்றத்தின் நன்கொடையாற் செய்யமுடியும். பலன் நிச்சயமில்லாத ஒரு நல்ல முயற்சிக்குக் காலமும் துணிவும் தருவதே அது. தோல்வியைத் தாங்கக்கூடிய பணம் என்பதே அதன் தனிச்சிறப்பு.

இதற்கு அயல்நாடான பங்களாதேஷில் இரண்டு சான்றுகள் உள்ளன. 1976 இல் சிட்டகொங் பல்கலைக்கழகத்தை அண்மித்த ஜொப்ரா கிராமத்தில் பேராசிரியர் முஹம்மத் யூனுஸ் தொடங்கிய சிறுகடன் முயற்சியை வங்கிகள் ஐயத்துடனேயே நோக்கின. நிலமோ நகையோ இல்லாத ஏழைப் பெண்கள் கடனைத் திருப்பிச் செலுத்துவார்கள் என அவை நம்பவில்லை. 1980களின் தொடக்கத்தில் போர்ட் மன்றம் ஏறத்தாழ 8 இலட்சம் டொலரை உத்தரவாத நிதியாக வழங்க முன்வந்தது. வங்கிகளுக்கு நட்டம் ஏற்பட்டால் அதிலிருந்து ஈடுசெய்யலாம் என்பதே ஏற்பாடு. அந்த நிதியில் கைவைக்கவேண்டிய தேவையே எழவில்லை என்று யூனுஸ் பின்னர் குறிப்பிட்டுள்ளார். 1983 இல் கிராமீன் தனி வங்கியாயிற்று. வங்கிகளின் அச்சத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டதே மன்றம் இங்கு செய்த பெரும்பணியாகும்.

இரண்டாவது சான்று பிராக் அமைப்பினுடையது. விடுதலைப் போருக்குப் பின்னர், 1972 இல், பஸ்லே ஹசன் ஆபெத் லண்டனில் இருந்த தமது வீட்டை விற்ற பணத்துடன் சில்ஹெட் பகுதியின் சுல்லாவில் நிவாரணப் பணியைத் தொடங்கினார். வயிற்றோட்டத்தால் குழந்தைகள் மடிவதைத் தடுக்க, மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் ஆகியவற்றைக் கலந்து கொடுக்கும் முறையை வீடு வீடாகச் சென்று தாய்மாருக்குக் கற்பிக்கும் திட்டத்தை அவ்வமைப்பு பின்னர் மேற்கொண்டது. 1980 முதல் 1990 வரையான காலத்தில் 1 கோடியே 20 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளை அது சென்றடைந்தது.

இத்திட்டத்தில் ஊன்றிக் கவனிக்கவேண்டியது அதன் தொடக்ககாலத் தோல்வியாகும். தாய்மார் கரைசலைச் செய்யக் கற்றுக்கொண்டனர். ஆனால் நோய் வந்தபோது மிகச் சிலரே அதனைப் பயன்படுத்தினர். காரணத்தை ஆராய்ந்தபோது, கற்பிக்கச் சென்ற பணியாளர்களிற் பலரே தமக்கு நோய் வந்தால் அக்கரைசலை நம்பவில்லை என்பது தெரியவந்தது. பணியாளர்களுக்கு அதன் விஞ்ஞானம் மீண்டும் விளக்கப்பட்டது. பெண்களிடம் மட்டும் பேசிய நிலை மாற்றப்பட்டு, சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களுடனும் பேசப்பட்டது. எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதன்படியல்லாமல், தாய்மார் எவ்வளவை நினைவில் வைத்திருந்தனர் என்பதன்படி பணியாளரின் ஊதியம் கணிக்கப்பட்டது. முதலாண்டுப் பெறுபேற்றைக் கண்டதும் நிதி வழங்கியோர் கைவிட்டிருந்தால் இம்மாற்றங்களில் ஒன்றேனும் நிகழ்ந்திருக்காது.

எமது நாட்டின் அனுபவம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. இங்கு வரும் நிதியின் ஆயுள் பொதுவாக ஓராண்டு, இரண்டாண்டு, மிஞ்சினால் மூன்றாண்டு. முதற்பகுதி ஆட்களைச் சேர்ப்பதிலும் இறுதிப்பகுதி அறிக்கை எழுதுவதிலும் கழிகின்றது. ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுதத்தெரிந்த கொழும்பு நிறுவனத்துக்குக் கிட்டும் வாய்ப்பு, மட்டக்களப்பிலோ மூதூரிலோ இருபது ஆண்டுகளாக மக்களுடன் வாழும் அமைப்புக்குக் கிட்டுவதில்லை. கட்டிட வாடகை, கணக்காளரின் சம்பளம் போன்ற நிருவாகச் செலவுகளுக்குப் பணம் தரமறுக்கும் நன்கொடையாளர், கணக்கறிக்கை குறைவின்றி இருக்கவேண்டும் எனவும் எதிர்பார்க்கின்றனர்.

'புத்தாக்கம்' என்ற சொல்லும் இவ்விடத்திற் சோதிக்கப்படவேண்டியது. வன்முறைக்குள்ளான ஒரு பெண்ணுக்குத் தங்குமிடமும் சட்ட உதவியும் தருவது பழைய வேலை. நேற்றும் செய்தோம், நாளையும் செய்யவேண்டும். ஆனால் ஒவ்வொரு நிதிச்சுற்றிலும் புதுமை கேட்கப்படுவதால், அதே வேலைக்குப் புதிய பெயர் சூட்டவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படுகின்றது. பெயர் மாறும்போது பணியாளர் மாறுகின்றார். பணியாளர் மாறும்போது அவரை நம்பிப் பேசிய பெண் மௌனமாகின்றாள்.

பணம் மிகுந்தால் மட்டும் பயன் விளையும் என்பதும் உண்மையன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய சுனாமி இந்நாட்டில் 30,000 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பின்னர் வெள்ளமென வந்த உதவியில், கரையோரத்தின் சில இடங்களில் இழக்கப்பட்டவற்றைவிட அதிகமான சிறு படகுகள் பகிரப்பட்டன. படகைப் புகைப்படம் எடுப்பது இலகு. மீனவரின் கடன், சந்தை, வலை ஆகிய சிக்கல்களைப் படம்பிடிப்பது கடினம்.

1958 இல் ஏ.ரி. ஆரியரத்ன ஆரம்பித்த சர்வோதய இயக்கமும் இந்தச் சோதனையைச் சந்தித்தது. சிரமதானம் என்ற மக்கள் உழைப்பில் வேரூன்றிய அவ்வியக்கத்துக்கு 1980களில் நெதர்லாந்தின் நோவிப் முதலான வெளிநாட்டு அமைப்புகளின் கூட்டு பெருநிதி வழங்கியது. காலப்போக்கில் இலக்குகள், கண்காணிப்பு, அறிக்கைகள் பற்றிய நிபந்தனைகள் இறுகின. 1990களில் உறவு முறுகி, நிதி சுருங்கியது. எனினும் கிராமங்களிற் சங்கங்கள் இருந்தமையால் இயக்கம் நிலைத்தது. நன்கொடைக்கு முன்பே மக்கள் இருந்த இடத்தில், நன்கொடைக்குப் பின்பும் மக்கள் இருப்பர்.

அதேபோன்று, ஒரு மண்ணில் வென்ற முயற்சி மற்றொரு மண்ணில் தீங்காகவும் மாறலாம். ஏழைப் பெண்ணை நம்பலாம் என்று பங்களாதேஷில் நிரூபிக்கப்பட்ட பாடம், போருக்குப் பிந்திய வடக்கு கிழக்கில் இலாபநோக்குக் கம்பனிகளின் கையில் நுண்கடன் பொறியாயிற்று. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் பெற்ற பெண்கள் வீட்டைவிட்டு ஒளியவேண்டிய நிலை உருவானது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது; மத்திய வங்கி 35 வீத வட்டி உச்சவரம்பை விதித்தது. அப்படியிருந்தும் 2021 இல் ஹிங்குராங்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். முயற்சியைப் பிரதிசெய்தோர் அதனைத் தாங்கிய பொறுமையைப் பிரதிசெய்யவில்லை.

இந்நிலையில் எமது இரு சமூகங்களும் தம் சொந்த மரபைத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமானது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் பெண்களுக்கென மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் தம் செல்வத்தைக் கொண்டே நிறுவினார். பின்னைய கல்லூரியின் வளாகத்திலேயே இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1973 இல் எம்.ஐ.எம். நளீம் ஹாஜியார் பேருவளையில் தோற்றுவித்த ஜாமிஆ நளீமிய்யா, மார்க்கக் கல்வியையும் நவீன கல்வியையும் இணைக்கும் துணிகரமான முயற்சியாக அமைந்தது. 1999 இல் படுகொலை செய்யப்பட்ட கலாநிதி நீலன் திருச்செல்வத்தின் நினைவாக அமைந்த நிதியம், சிறு சமூக அமைப்புகளுக்கு உள்நாட்டிலிருந்தே நிதி வழங்குவது சாத்தியம் என்பதைக் காட்டியது. பலன் நிச்சயமற்ற பணிகளுக்கு நீண்டகால நோக்குடன் பணம் ஒதுக்கும் துணிவு எமக்கு அந்நியமானதன்று.

இன்று எம்மிடம் பணம் இல்லை என்று கூறுவதற்கில்லை. ஆலய நம்பிக்கைச் சொத்துகள், 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் பள்ளிவாசல் மற்றும் வக்பு சொத்துகள், புலம்பெயர்ந்தோரின் ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் எனப் பல ஊற்றுகள் உள்ளன. அவற்றின் பெரும்பகுதி கட்டிடமாகவும் அன்னதானமாகவும் உடனடி நிவாரணமாகவும் வெளிப்படுகின்றது. இவை போற்றத்தக்கவை. ஸகாத் யாருக்குரியது என்பதையும் மார்க்கம் வரையறுத்துள்ளது. ஆனால் ஸதகாவிலும் வக்பிலும் ஆலய உபயத்திலும் பரந்த இடமுண்டு. ஒரு பங்கையேனும் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு நீடிக்கும் சமூக முயற்சிகளுக்கு ஒதுக்குவது எவருடைய நம்பிக்கைக்கும் விரோதமாகாது.

இதற்கு அரசாங்கமும் வழிவிடவேண்டும். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூகசேவை அமைப்புகள் சட்டமும் அதன் 1998 ஆம் ஆண்டுத் திருத்தமும் மோசடியைத் தடுக்கவெனக் கொண்டுவரப்பட்டவை. ஆயினும், அரசசார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகம் சில காலங்களில் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே இயங்கியது. சமூகப்பணியைப் பாதுகாப்புப் பிரச்சினையாகக் காணும் மனப்பாங்கையே அது வெளிப்படுத்தியது. 2014 இல் புலம்பெயர் தமிழ் அமைப்புகள் பல தடைப்பட்டியலிற் சேர்க்கப்பட்டன; 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம் தொண்டு அமைப்புகள் மீது பொதுவான சந்தேகம் படர்ந்தது. குற்றமிழைத்தோரைத் தண்டிப்பது வேறு, கொடுக்கும் கையையே அச்சுறுத்துவது வேறு. கொடுப்பவர் அஞ்சினால் பணம் வெளிச்சத்தை விட்டு விலகும். அதனால் ஒளிவுமறைவே பெருகும்.

மறுபுறத்தில், வெளிநாட்டு நன்கொடையாளரின் நிபந்தனைகளைக் குறைகூறும் நாம், எமது சொந்த நிதியங்களில் கணக்குக் கேட்கப்படுவதை அவமதிப்பாகக் கருதும் வழக்கத்தையும் கைவிடவேண்டும். வரவும் செலவும் ஆண்டுதோறும் தமிழில் அச்சிடப்பட்டு மக்கள் முன் வைக்கப்படவேண்டும். நிதியைப் பெறுவோர் யார் என்பதைத் தீர்மானிக்கும் சபையில் பெண்களும் இளையோரும் இடம்பெறவேண்டும். முயற்சி தோற்றால் அதனை மறைக்காது கூறுவோருக்குத் தண்டனையின்றி மறுவாய்ப்பு வழங்கப்படவேண்டும்.

இன்னுமொன்றையும் கூறியாகவேண்டும். தமிழருக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று எனப் பிரிந்த நிதியங்களால் கிழக்கின் பிரச்சினைகள் தீரா. ஒரே கடலில் மீன்பிடிப்போரும், ஒரே குளத்து நீரில் வயல் செய்வோரும், ஒரே நுண்கடனில் மூழ்கியோரும் இரு சமூகங்களிலும் உள்ளனர். ஆலய பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிருவாக சபையும் ஒரே பிரதேசத்தில் ஒரு சிறு கூட்டு நிதியத்தைப் பத்தாண்டு காலத்துக்கு நடத்திக் காட்டுமாயின், அதுவே எந்த வெளிநாட்டு மன்றமும் விலைகொடுத்து வாங்கமுடியாத புத்தாக்கமாக அமையும். வெளியுதவி மீண்டும் ஒருநாள் வரக்கூடும். அது வரும்போது எமது தேவையை நாமே வகுத்து, எமது பங்கையும் முன்வைத்து அதனை வரவேற்கும் நிலையில் இருப்பதா, மீண்டும் வரிசையில் நிற்பதா என்பதை இப்போதே தீர்மானிக்கவேண்டிய பொறுப்பு இரு சமூகங்களின் தலைமைகளுக்கும் உண்டு.