நாய்க்கும் ஒரு சீட்டு

கோடை விடுமுறை நெருங்கும்போது இப்பகுதிக்கு வரும் கடிதங்களுள் பெரும்பாலானவை படுக்கை இடம் கிடைப்பதைப் பற்றியனவாகவே இருக்கும். இம்முறை கரோல்பாகிலிருந்து அன்பர் ஒருவர் வேறொன்று கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் நான்கு வயது நாய் ஒன்று வளர்கிறது. பள்ளி மூடியதும் முதலில் ஒரு வாரம் குமாவோன் மலைப்பக்கம் சென்று கூடாரத்தில் தங்குவது, பின்னர் ஒரு மாதம் தமிழ்நாட்டில் உறவினருடன் இருப்பது என்று குடும்பத்தார் திட்டமிட்டுள்ளனர். “நாயை வண்டியிலும் சேர்ப்பதில்லை, கூடாரத்திலும் சேர்ப்பதில்லை என்கிறார்கள். ஒரு மாதம் தெருவில் விட்டுச் சென்றால் பிழைத்துக்கொள்ளாதா?” என்பது அவர் வினா.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். பிழைத்துக்கொள்ளாது. வேளை தவறாமல் தட்டில் உணவு கண்ட நாய், தெருவில் தானே இரை தேடக் கற்றதில்லை. தெருநாய்கள் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு; புதிதாக வருவதை அவை கடித்து விரட்டும். மோட்டார் வண்டிகளின் வேகமும் அதற்குப் பழக்கமில்லை. அன்றியும், அவ்வாறு விட்டுச் செல்வது சட்டப்படி குற்றமாகும். கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க அவர் அவையில் தொடங்கிய முயற்சியே 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமாகக் கனிந்தது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. முதற்குற்றத்துக்கு அன்று விதித்த அபராதம் 50 ரூபாய் வரை. அபராதம் சிறிதென்பதால் குற்றமும் சிறிதாகிவிடாது.

நிற்க. நாயை எங்குமே சேர்ப்பதில்லை என்பது பாதி உண்மையே. இரயில்வே விதிகளில் நாய்க்கு இடம் உண்டு. ஆனால் எந்த இடம், எந்த நிபந்தனை என்பதை முன்கூட்டியே அறிந்தவருக்குத்தான் அது பயன்படும்.

முதலாவது இடம் முதல் வகுப்புப் பெட்டி. குளிர்சாதன முதல் வகுப்பிலும், எங்கேனும் ஓடும் சாதாரண முதல் வகுப்பிலும் பயணி ஒருவர் நாய் ஒன்றைத் தம்முடன் அழைத்துச் செல்லலாம். 60 கிலோ எடையுள்ள சாமானுக்குரிய கட்டணத்தை முன்னரே செலுத்திச் சீட்டுப் பெற வேண்டும். ஆனால் அதே அறையில் உள்ள மற்றப் பயணிகள் இசைய வேண்டும். முதலில் இசைந்தவர்கள் பின்னர் மறுத்தாலும் நாயைக் கார்டு வண்டிக்கு மாற்றிவிடுவர். கட்டணம் திரும்பக் கிடைக்காது. ஆகையால், இருவர் மட்டும் படுக்கும் ‘கூப்பே’ அறையிலுள்ள இரு இடங்களையும், அல்லது நால்வர் அறையிலுள்ள நான்கு இடங்களையும் தாமே எடுத்துக்கொள்வதுதான் நிம்மதியான வழி. இன்ன அறை என்பது சீட்டு வாங்கும்போது தெரியாது; ‘சார்ட்’ தயாராகும்போதுதான் முடிவாகும். எனவே நாயுடன் செல்வதைக் குறிப்பிட்டு, கூப்பே வேண்டுமென்று முன்பதிவு அலுவலகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து வைப்பது அவசியம். விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் கூப்பே கிடைத்துவிடும் என்று எண்ணிவிடலாகாது.

இரண்டாவது இடம் பிரேக் வேனில் உள்ள நாய்ப்பெட்டி. எந்த வகுப்புச் சீட்டு வைத்திருப்பவரும் இதில் நாயை ஏற்றலாம். கட்டணம் 30 கிலோவுக்கு உரியது. பிரேக் வேன் கார்டின் பொறுப்பில் இருப்பது. 2022 முதல் கார்டு என்னும் பதவிக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர் மாறியிருக்கிறது; ஆயினும் பழகிய நாவுக்கு அவர் இன்னும் கார்டுதான்.

இவ்விரண்டைத் தவிர மூன்றாவது இடம் இல்லை. குளிர்சாதன இரண்டடுக்கு, மூன்றடுக்கு, இருக்கைப் பெட்டி, ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பு ஆகிய எதிலும் நாயைக் கொண்டு செல்லலாகாது. போர்வைக்குள் மறைத்துக் கொண்டுபோய் அகப்பட்டவர்கள் பன்மடங்கு கட்டணம் செலுத்தியதோடு, நள்ளிரவில் நாயைக் கார்டு வண்டிக்கு அனுப்பிவிட்டு உறக்கமின்றி அமர்ந்திருந்ததையும் நாம் கண்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டு ஓர் இரவு, வடநாட்டு நிலையம் ஒன்றில் நாம் பார்சல் பகுதியில் பணியில் இருந்தபோது நடந்ததை ஈண்டுக் குறிப்பிடுவது பொருந்தும். மாற்றலாகித் தெற்கே செல்லும் தமிழ்க் குடும்பம் ஒன்று, வண்டி புறப்பட அரை மணி இருக்கையில் ஓடிவந்தது. தாய், தந்தை, இரு சிறுவர், ஒரு பழுப்பு நிற நாய். கையில் இருந்தது மூன்றடுக்குச் சீட்டு. மருத்துவரின் சான்று இல்லை. நாய்ப்பெட்டியிலோ வேறொருவர் நாய் ஏற்கெனவே ஏறிவிட்டது. தந்தை கைகூப்பினார்; வாதாடினார்; பிறகு மௌனமானார். வண்டி அசையும் நேரத்தில், அங்கிருந்த சுமைகூலியாள் ஒருவரிடம் சங்கிலியையும் 500 ரூபாயையும் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். இளைய மகன் வழிக்கட்டுணவிலிருந்து ஒரு சப்பாத்தியை எடுத்துச் சன்னல் வழியே நீட்டிக்கொண்டே போனான்.

கூலியாள் நல்லவர், தம்மால் இயன்றவரை சோறிட்டார். அந்நாய் அதே தூணடியில் ஏறக்குறைய இரண்டு வாரம் கிடந்தது. தெற்கு நோக்கிப் போகும் வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் எழுந்து நின்று பெட்டிகளை நோக்கும். பின்னர் ஒருநாள் காணவில்லை. எங்கே போயிற்று என்று அவரும் அறியார்.

அந்தத் தந்தையைக் கல்நெஞ்சர் என்று நாம் கூற மாட்டோம். அவருக்குக் குறைவாக இருந்தவை ஒரு தாளும், முதல்நாள் செய்திருக்க வேண்டிய ஒரு விசாரணையும்தான். அவ்விரண்டையும் பற்றிச் சிறிது கூறுவோம்.

தாள் என்பது கால்நடை மருத்துவரின் சான்று. நாயின் நிறம், வயது, இனம், பயணத்துக்குத் தகுந்த உடல்நலம், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். இதனை வீண் சடங்கென்று எண்ணலாகாது. 1900-இல் கசௌலியில் பாஸ்டர் நிலையம் தோன்றும் முன்னர், வெறிநாயால் கடியுண்டு சிகிச்சை நாடியவர்கள் கடல் கடந்து பாரிஸ் வரை செல்ல நேர்ந்தது. 1907-இல் நம் நீலகிரியின் குன்னூரிலும் அத்தகைய நிலையம் அமைந்தது. நோய் முற்றி அறிகுறி தோன்றிவிட்டால் இன்றும் உயிர் மீட்பது அரிது. சக பயணி அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. அவ்வச்சத்துக்கு நாம் தரும் மறுமொழியே அத்தாள். தடுப்பூசியை ஒரு மாதம் முன்னரே போட்டுவிட்டு, உடல்நலச் சான்றைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன் வாங்குவது நலம்.

விசாரணை என்பது பார்சல் அலுவலகத்துக்கு முதல்நாளே ஒருமுறை சென்று வருவது. அந்த வண்டியில் நாய்ப்பெட்டி உண்டா, எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தெந்த நகல்கள் வேண்டும் என்று கேட்டுக்கொள்க. பயண நாளில் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருக்க வேண்டும். நாய்க்குக் கழுத்துப்பட்டையும் சங்கிலியும் கட்டாயம். வழியில் உணவும் நீரும் தருவது உடையவர் பொறுப்பே, இரயில்வே தராது.

இன்னொரு செய்தியையும் அன்பர்கள் அறிந்திருக்க வேண்டும். வழியில் நாய்க்குத் தீங்கு நேர்ந்தால் இரயில்வேயின் பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாய்க்கு வகுத்த எல்லை 10 ரூபாய். 1990-ஆம் ஆண்டு விதிகள் அதனை 120 ரூபாய் ஆக்கின. அதே விதிகளில் யானைக்கு 6000, குதிரைக்கு 3000. கூடுதல் மதிப்பை முன்னரே அறிவித்து அதற்குரிய விழுக்காட்டுக் கட்டணம் செலுத்தினால் மட்டுமே மேற்பட்டுப் பெற இயலும். வீட்டிலுள்ள குழந்தைகளைக் கேட்டால் அந்நாய்க்கு வேறு மதிப்புச் சொல்வார்கள். ஆதலால் காவலை விதியிடம் விட்டுவிடாமல் நம்மிடமே வைத்துக்கொள்வது அறிவுடைமை.

அதிலும் சித்திரை, வைகாசி மாதங்களில் நீண்ட பயணத்துக்கு நாய்ப்பெட்டி வேண்டா என்பதே நம் கருத்து. புது தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2180 கிலோமீட்டர். இரண்டு இரவும் ஒரு பகலும் கழியும். நடுவில் நாகபுரியும் பல்லார்ஷாவும் உள்ள வட்டாரத்தில் கோடை வெப்பம் 45 பாகையையும் கடப்பதுண்டு. பிரேக் வேனில் குளிர்சாதனம் இல்லை. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்தே அது வெப்பத்தை ஆற்றிக்கொள்ளும். நீரும் காற்றும் குறைந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. குளிர்ந்த மாதங்களில் நாய்ப்பெட்டியில் அனுப்புவோர், கார்டிடம் முன்னரே சொல்லி வைத்து, போபால், நாகபுரி, விஜயவாடா போன்ற நிலையங்களில் நீர் கொடுக்கலாம். வண்டி நிற்பது சில நிமிடங்களே. பெட்டியோ வண்டியின் கோடியில் இருக்கும். திடமானவர் ஒருவர் மட்டும் ஓடுவதும், குழந்தைகளைப் பெட்டியிலேயே இருத்துவதும் நன்று.

இனி மலைப்பயணத்துக்கு வருவோம். கூடாரம் அமைத்துத் தங்கும் இடங்களில் இரு வகை உண்டு. தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் ஒரு வகை. 1936-இல் அமைந்த, நாட்டின் முதல் தேசியப் பூங்காவாகிய கார்பெட் பூங்கா குமாவோன் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. அதனுள் நாயை அழைத்துச் செல்ல இயலாது. இதனை நாய் மீது கொண்ட பகை என்று கருதலாகாது. நாய்களிடம் காணும் ‘டிஸ்டெம்பர்’ என்னும் தொற்றுநோய் காட்டு விலங்குகளையும் பற்றும். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சிங்கங்களுள் மூன்றில் ஒரு பங்கு அந்நோயால் அழிந்தது. 2018-இல் நம் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோதும் அந்நோய்க் கிருமி கண்டறியப்பட்டது. நம் நாய் நலமாக இருப்பதாக நமக்குத் தோன்றலாம். காவலருக்கு அதனை அறிய வழியில்லை. அவ்விடத்தில் வாதாடுவது முறையன்று.

தனியார் நடத்தும் கூடாரங்கள் மற்றொரு வகை. இவர்களுள் சேர்ப்போரும் உளர், சேர்க்காதோரும் உளர். “நாய் வரலாமா?” என்று மட்டும் கேட்டு, “வரலாம்” என்ற விடையோடு நின்றுவிட்டால் அங்கே சென்றபின் சங்கடம் நேரும். இரவில் நாய் எங்கே படுக்கும், கூடாரத்துக்குள்ளா வெளியிலா? அவர்கள் வளர்க்கும் நாய்கள் உண்டா? உணவு உண்ணும் இடத்துக்கு அழைத்து வரலாமா? தனிக்கட்டணம் எவ்வளவு? இந்நான்கையும் கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். இரவில் நாயை வெளியே கட்டச் சொல்லும் இடத்தை மறுத்துவிடுக. அம்மலைகளில் சிறுத்தை உண்டு. நாய் அதற்கு விருப்பமான இரை. இமயமலை ஆட்டிடையர்கள் தம் காவல் நாய்களுக்கு முள் வைத்த இரும்புப்பட்டை பூட்டுவது இதன் பொருட்டே. நம் வீட்டு நாய்க்கு அப்பட்டையும் இல்லை, அப்பழக்கமும் இல்லை. பகலிலும் சங்கிலி கையில் இருக்கட்டும். கழிவை உடையவரே அகற்ற வேண்டும். நாயோடு வந்த முதற்குடும்பம் நடந்துகொள்ளும் முறையைப் பார்த்துத்தான் அடுத்த குடும்பத்துக்குக் கதவு திறக்கும்.

பிறர் இசைவின் அருமையை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இந்நகருக்கு வந்த புதிதில், வாடகைக்கு வீடு கேட்டு வாசற்படியில் நின்று, “மதராஸியா?” என்ற கேள்விக்கு விடையிறுத்தவர்கள் நம்முள் பலர் உளர். நம் நடத்தையைக் கண்டபின்னரே அண்டை வீட்டார் அன்பு காட்டினர்.

ஆகவே கரோல்பாக் அன்பருக்கு நாம் கூறுவது இது. மலைக்கு நாயை அழைத்துச் செல்லுங்கள். அதனைச் சேர்க்கும் கூடாரத்தைத் தேர்ந்தெடுங்கள். வாடகைக் காராயின் ஓட்டுநரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டுப் பயணத்துக்குக் கூப்பே உறுதியாகக் கிடைத்தாலன்றி, அந்த ஒரு மாதம் நாயை இங்கேயே நம்பத்தக்க குடும்பம் ஒன்றில் விட்டுச் செல்லுங்கள். முதலில் இரண்டு இரவு மட்டும் விட்டுப் பாருங்கள். உண்கிறதா, உறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். அது படுக்கும் பழைய விரிப்பு, உணவு வேளைக் குறிப்பு, மருத்துவரின் தொலைபேசி எண், ஒரு மாதச் செலவுக்குப் பணம் ஆகியவற்றை உடன் கொடுங்கள். கழுத்துப்பட்டையில் அக்குடும்பத்தாரின் எண்ணும் இருக்கட்டும்.

நம் சங்கக் குடும்பங்களில், ஊருக்குச் செல்வோரின் வீட்டுச் சாவியை வாங்கி வைத்துத் துளசிக்கு நீர் ஊற்றும் வழக்கம் நெடுநாளாக உண்டு. துளசிக்குச் செய்வதை நாய்க்கும் செய்யலாம். இவ்விடுமுறையில் ஊரிலேயே தங்கும் அன்பர்கள், நாயோ பூனையோ பார்த்துக்கொள்ள இசைந்தால், தம் பெயரையும் வசிக்கும் பகுதியையும் எழுதிச் சங்க அலுவலகத்தில் பங்குனி முடிவதற்குள் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். தேவைப்படுவோருக்கு அவற்றைத் தெரிவிக்கும் பொறுப்பை இப்பகுதி ஏற்கும்.

மாற்றல் உத்தரவு வருமென்று எதிர்பார்ப்போர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உத்தரவு வந்த பிறகு நாய்க்கு வழி தேட நேரம் இராது. குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் நாளிலேயே, அடுத்த ஊருக்கு இதனை எவ்வாறு அழைத்துச் செல்வோம் என்று குடும்பமாக அமர்ந்து பேசிவிடுங்கள். விடை கிடைக்கவில்லையாயின், அக்குட்டி வேறு நல்ல வீட்டில் வளரட்டும்.