புள்ளிப் பட்டியல் முழுக்கதை சொல்லுமா?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் இருக்கிறது என் அண்ணன் வீடு. சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன ஊர். அறுவடை நேரத்தில் போனால் திண்ணை முழுக்க வெங்காயம்தான். தாளைக் கிள்ளிக்கொண்டே ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் பேசுவோம். இந்த முறை பேச்சு கார் பந்தயத்தின் பக்கம் போய்விட்டது. அண்ணன் மகன் எட்டாம் வகுப்பு. மகள் ஆறாம் வகுப்பு. இருவரும் பார்முலா-1 ரசிகர்கள்!

"சித்தப்பா, 2025ல நல்லா ஓடின அணி ரெட்புல்தான். வெர்ஸ்டாப்பன் ரெண்டே ரெண்டு புள்ளியிலதான் பட்டத்தை விட்டாரு" என்றான் அவன்.

"போண்ணா! அணிப் பட்டியல்ல ரெட்புல் மூணாவது. மெக்லாரன்தான் முதல்" என்றாள் தங்கை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இருவர் சொன்னதுமே உண்மை! எப்படி என்று பார்ப்போமா?

பார்முலா-1 போட்டியில் ஒவ்வொரு அணிக்கும் இரண்டு கார்கள், இரண்டு ஓட்டுநர்கள். ஒரு பந்தயத்தில் முதலில் வருபவருக்கு 25 புள்ளி, அடுத்தவருக்கு 18, பிறகு 15, 12, 10 என்று குறைந்துகொண்டே வந்து, பத்தாவது ஆளுக்கு 1 புள்ளி. சில வாரங்களில் நடக்கும் குறும்பந்தயத்துக்குத் தனியாகச் சில புள்ளிகள் உண்டு. ஆண்டு முடிவில் இரண்டு பட்டியல்கள் வரும். ஒன்று ஓட்டுநர்களுக்கு; மற்றொன்று அணிகளுக்கு. அணியின் இரண்டு கார்களும் எடுத்த புள்ளிகளைக் கூட்டினால் அதுதான் அணியின் புள்ளி.

2025ஆம் ஆண்டு ஓட்டுநர் பட்டியலில் மெக்லாரனின் லாண்டோ நோரிஸ் 423 புள்ளி. ரெட்புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 421. மெக்லாரனின் இன்னொரு ஓட்டுநர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி 410. இப்போது அணிக் கணக்கைப் பாருங்கள். மெக்லாரன் 423ம் 410ம் சேர்த்து 833. இரண்டாவது இடம் மெர்சிடஸ், 469. மூன்றாவதுதான் ரெட்புல், 451. அந்த 451ல் 421 வெர்ஸ்டாப்பன் ஒருவர் சேர்த்தது. ரெட்புல்லின் இன்னொரு கார் ஆண்டு முழுவதும் ஓடிச் சேர்த்தது வெறும் 30! இத்தனைக்கும் இரண்டே பந்தயம் முடிந்ததும் அந்தக் காரின் ஓட்டுநரை மாற்றிப் பார்த்தார்கள்.

"இரட்டை மாட்டு வண்டியில ஒரு மாடு மட்டும் இழுத்தா எப்படிடா ஓடும்?" என்று கேட்டேன். பையன் யோசிக்க ஆரம்பித்தான்.

மெக்லாரனும் தவறே செய்யாத அணி அல்ல. லாஸ் வேகாஸ் பந்தயத்தில் அதன் இரண்டு கார்களும் தகுதி நீக்கம் ஆயின. காரின் அடியில் இருக்கும் பலகை, விதி அனுமதிக்கும் அளவைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது என்பது காரணம். அடுத்து கத்தார் பந்தயத்தில், மற்ற அணிகள் டயர் மாற்ற உள்ளே வந்த நேரத்தில் மெக்லாரன் வரவில்லை. அந்த ஒரு முடிவால் வெற்றி வெர்ஸ்டாப்பனுக்குப் போனது. அதனால்தான் ஓட்டுநர் பட்டம் டிசம்பர் 7 அன்று அபுதாபியில் நடந்த கடைசிப் பந்தயம் வரை இழுத்தது. ஆக, அணி என்றால் ஓட்டுநர் மட்டுமல்ல. காரை வடிவமைப்பவர், டயர் மாற்றுபவர், எப்போது மாற்றுவது என்று கணக்குப் போடுபவர் எல்லாரும் சேர்ந்ததுதான்.

"அதெல்லாம் சரி சித்தப்பா. நம்ம ஆளுங்க கதையே சிரிப்புதான். நரேன் கார்த்திகேயன் வாங்கினது மொத்தமே 5 புள்ளி. அதுவும் ஆறு கார் ஓடின பந்தயத்துல!" என்று சிரித்தான் பையன்.

அதையும் பார்த்துவிடுவோம். கோவையைச் சேர்ந்த நரேன், பார்முலா-1ல் ஓட்டிய முதல் இந்தியர். 2005ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டினார். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில், மிச்செலின் டயர் போட்ட கார்கள் பாதுகாப்புக் காரணத்தால் விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள்தான் ஓடின. இரண்டு பெராரிகளுக்குப் பின்னால் ஜோர்டானின் மான்டீரோ மூன்றாவது, நரேன் நான்காவது. அன்றைய விதிப்படி நான்காம் இடத்துக்கு 5 புள்ளி. ஜோர்டான் அந்த ஆண்டு எடுத்த 12 புள்ளியில் 11 அந்த ஒரே நாளில் வந்தவை.

அப்படியானால் நரேன் மோசமான ஓட்டுநரா? பையனிடம் ஒரு கேள்வி கேட்டேன். "கிணத்துத் தண்ணி பாயுற வயலும், மழையை நம்பின மானாவாரிக் காடும் ஒரே அளவு வெங்காயம் குடுக்குமா?"

"எப்படிக் குடுக்கும்?"

"அப்போ மானாவாரிக்காரரைப் பார்த்து உழைக்கத் தெரியாதவருன்னு சொல்லலாமா?"

பதில் இல்லை. நல்ல கார் வைத்திருப்பவரையும், பணமில்லாத அணியின் காரை ஓட்டுபவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் அதே காரை ஓட்டும் சக ஓட்டுநருடன் ஒப்பிடலாம். அந்த ஆண்டு மான்டீரோ எடுத்தது 7, நரேன் 5. கொஞ்சம் பின்தங்கினார், அவ்வளவுதான்.

பூஜ்யத்திலும் ஒரு கதை உண்டு. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010ல் ஹெச்.ஆர்.டி. என்ற புதிய அணிக்காகப் பத்துப் பந்தயங்கள் ஓட்டினார். புள்ளி இல்லை. அந்த அணிக்கும் பூஜ்யம். விர்ஜின் அணிக்கும் பூஜ்யம். இருவரில் கடைசி யார்? பந்தயங்களில் பிடித்த இடங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் மொனாக்கோவிலும் கருண் பிடித்த 14ஆம் இடங்கள் கைகொடுத்தன. ஹெச்.ஆர்.டி. 11ஆவது, விர்ஜின் 12ஆவது!

இனி முக்கியமான கதைக்கு வருவோம். நரேன் ஓட்டிய ஜோர்டான் அணி கைமாறிக் கைமாறி, 2008ல் 'போர்ஸ் இந்தியா' ஆனது. உரிமையாளர் இந்தியர், தொழிற்கூடம் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் அருகே. இந்தியர் எவரும் இந்த அணிக்காகப் பந்தயம் ஓட்டியதில்லை. முதல் ஆண்டில் பூஜ்யம். 2009ல் பெல்ஜியம் பந்தயத்தில் பிசிகெல்லா முதல் ஆளாகப் புறப்பட்டு, இரண்டாவதாக வந்து எல்லாரையும் அசத்தினார். அந்த ஆண்டு மொத்தம் 13 புள்ளி. பிறகு 2016ல் 173, 2017ல் 187. இரண்டு ஆண்டும் நான்காம் இடம்!

இங்கே ஓர் எச்சரிக்கை. 13க்கும் 173க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் திறமை அல்ல. 2009 வரை வெற்றிக்கு 10 புள்ளி. 2010 முதல் 25. அளவுகோலே மாறிவிட்டது. ஆகவே புள்ளியைவிட இடத்தைப் பாருங்கள். ஒன்பதாம் இடத்திலிருந்து நான்காம் இடம். மெர்சிடஸ், பெராரி, ரெட்புல் என்ற மூன்று பணக்கார அணிகளுக்கு அடுத்த இடம், அவர்களைவிட மிகக் குறைந்த செலவில்!

ஆனால் 2018 ஜூலையில் பணமுடை முற்றி, அணி நீதிமன்ற நடைமுறைக்குப் போனது. அங்கே நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். அத்தனை குடும்பங்களின் கதி? நல்லவேளையாகப் புதிய முதலாளிகள் வாங்கினார்கள், வேலைகள் தப்பின. ஆனால் புதிய நிறுவனம் என்பதால், முதல் 12 பந்தயங்களில் சேர்த்த 59 புள்ளிகள் அணிக் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன. அதே கார், அதே ஆட்கள், புள்ளி மட்டும் பூஜ்யம்! அடுத்த பெல்ஜியம் பந்தயத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? ஐந்தாம் இடமும் ஆறாம் இடமும் பிடித்து, ஒரே நாளில் 18 புள்ளி எடுத்தார்கள். மீதி ஒன்பது பந்தயங்களில் மொத்தம் 52. பட்டியலில் ஏழாவது இடம்.

"59ம் 52ம் கூட்டுங்க பார்க்கலாம்" என்றேன்.

"111" என்றாள் தங்கை, விரல்விட்டு எண்ணாமலே.

"அஞ்சாவது வந்த ஹாஸ் அணிக்கு 93. நாலாவது வந்த ரெனோவுக்கு 122."

"அப்போ அவங்கதானே அஞ்சாவது!" என்று துள்ளினான், சற்றுமுன் சிரித்த அதே பையன்.

அந்த அணிதான் 2021 முதல் ஆஸ்டன் மார்ட்டின் என்ற பெயரில் ஓடுகிறது. பணம் மட்டுமே வெற்றியைத் தீர்மானிக்கக் கூடாது என்று அதே 2021ல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பும் வந்தது. காரைச் சோதிக்கும் காற்றுச் சுரங்க நேரமும் முன்னணி அணிகளுக்குக் குறைவு, பின்தங்கிய அணிகளுக்கு அதிகம். நம்மூரில் நடக்கும் பார்முலா-4 போட்டியில் எல்லாருக்கும் ஒரே வகைக் கார்தான். 2024ல் சென்னை தீவுத்திடல் பகுதியில் இரவு நேரத்தில் அந்தக் கார்களும் ஓடின.

ஆகவே தம்பி, தங்கைகளே, எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாருக்கு என்ன வசதி இருந்தது? இந்தப் புள்ளிகள் ஆண்டு முழுவதும் வந்தவையா, ஒரே நாளில் வந்தவையா? அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றுதானா? அதன் பிறகு சிரிக்கலாமா, கைதட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.

"சித்தப்பா, எங்க கிளாஸ் ரேங்க் பட்டியலையும் இப்படிப் பார்க்கலாமா?" என்று கேட்டான் பையன்.

"தாராளமா! ஆனா, புத்தகத்தைத் திறக்காம இருந்துட்டு காரைக் குறை சொல்லக் கூடாது" என்றேன்.

தங்கை சிரித்த சிரிப்பில் கிள்ளிய வெங்காயமெல்லாம் திண்ணையில் உருண்டது!