இடிக்குமுன் எங்களைக் கேட்டு எழுதுங்கள்

கண்டி மஹய்யாவையில் எங்கள் லயத்தை இடித்து மாடி வீடு கட்டப்போவதாக, அதிகாரிகள் அளவு நாடாவோடு வருகிறார்கள். சுவரை அளக்கிறார்கள், தகரத்தை எண்ணுகிறார்கள், அடையாள அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். இந்த வீட்டில் யார் பிறந்தார், யார் செத்தார் என்று ஒருத்தராவது கேட்டாரா? படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம்!

மாடி வீடு வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை முடங்கிக் கிடந்தவர்களுக்கு வீட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் லயம் சரிகிற அன்று, இங்கே யார் இருந்தார்கள் என்பதும் மண்ணோடு போய்விடும். வயிறு எரிவது அதற்குத்தான்.

கண்டி மாநகர சபை 1865இல் உண்டானது. இந்த நகரத்தைக் கூட்டவும், கான் அள்ளவும், வாளிக் கக்கூஸ் சுமக்கவும் வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து எங்கள் பாட்டன் பாட்டிகளைக் கொண்டுவந்தார்கள். மயானம் இருக்கிற இந்த மஹய்யாவையில் குடிவைத்தார்கள். இன்றைக்கும் கண்டியில் பலருக்கு மஹய்யாவ என்றால் சுடுகாடுதான் ஞாபகம். அதன் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை.

1988இல் கண்டி உலக மரபுரிமை நகரமானது. தலதா மாளிகையின் கல்லுக்கும் தூணுக்கும் ஏடு உண்டு. பெரஹரா ஊர்வலம் போன பிறகு யானைச் சாணத்தை அள்ளித் தெருவைக் கழுவிவிட்டவர்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

பெயர் வேண்டாம், நாடாவது இருந்ததா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஐந்தேகால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று ஆட்டு மந்தையைப் போலப் பங்கு வைத்தார்கள். அக்காள் இங்கே நிற்க, தம்பி தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமுக்குப் போன கதை எங்கள் கிழவிகளிடம் இருக்கிறது. தெருவில் 'கள்ளத்தோணி' என்று ஏச்சு வாங்கியதும், 83 ஜூலைக் கலவரத்தில் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு ஒளிந்திருந்ததும் அவர்களிடம்தான் இருக்கின்றன. அவர்களும் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகளே இதைக் கிளற விரும்பவில்லை. வேலைக்கு மனுப்போடும்போது மஹய்யாவ என்று எழுதாமல் மாமா வீட்டு விலாசத்தை எழுதுகிறார்கள். விலாசத்தைப் பார்த்ததும் முகம் மாறுகிறவர்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். நான் எப்படிக் குறை சொல்வேன்? வாளி சுமந்த தாத்தாவை நினைத்துப் பேரன் வெட்கப்படுகிறான். சுமக்க வைத்தவர்களுக்கு ஒரு நாளாவது வெட்கம் வந்ததா?

ஏழை வீட்டை இடிப்பது புதிதல்ல. கொழும்பு கொம்பனித்தெருவில் 2010 மே மாதம் பட்டாளத்தை நிறுத்தி மியூஸ் வீதி வீடுகளை இடித்தார்கள். 'அபிவிருத்தி' என்ற சொல்லைக் கேட்டாலே ஏழைக்கு அடிவயிறு கலங்குவது அதனால்தான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளே, பத்திரிகைக்காரர்களே, ஒலிப்பதிவுக் கருவியோடு வாருங்கள். எந்தக் கதவுக்குள் யார் இருந்தார், பீலியடியில் என்ன சண்டை, பிரஜாவுரிமை வருமுன்னே செத்தவர் யார் யார் என்று கேளுங்கள். பெயரை மறைக்கச் சொன்னால் மறையுங்கள். எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டி, தமிழில் ஒரு பிரதியை எங்கள் கையில் தந்துவிட்டுப் போங்கள். அதுவரைக்கும் இந்தச் சுவரில் கடப்பாரை படக்கூடாது.