யாருக்காக இந்தப் படிவம்?

நமது பல்கலைக்கழகங்களில் அரையாண்டின் இறுதி வாரத்தில் மாணவரிடம் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. விரிவுரையாளர் நேரத்துக்கு வந்தாரா, விளங்கக் கற்பித்தாரா என்று புள்ளியிட வேண்டும். பின்னர் அது கோவைக்குள் உறங்கிவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2015ஆம் ஆண்டு மீளாய்வுக் கைந்நூல் மாணவர் பின்னூட்டலை வலியுறுத்துகிறது. மீளாய்வாளர் வரும்போது கோவை இருந்தாற் போதும் என்று அதனை விளங்கிக்கொண்டோரை நான் அறிவேன்.

கேட்கிறேன்: பாடம் முடிந்தபின் சொல்லும் குறையால் சொன்னவருக்கு என்ன பயன்? ஆறாம் வாரத்தில் கேளுங்கள். எதை மாற்றுவேன், எதை மாற்றமாட்டேன் என்று அடுத்த விரிவுரையிலேயே விரிவுரையாளர் பதில் சொல்லட்டும். 1980இல் பீற்றர் கோஹன் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். புள்ளிகளை வெறுமனே பெற்றவர்களைவிட, அவற்றைப் பற்றி ஆலோசனையும் பெற்றவர்களே கூடுதலாக முன்னேறியிருந்தனர்.

மாணவர் பழிவாங்குவார்கள் என்பது வழமையான முறைப்பாடு. புள்ளியைப் பதவி உயர்வுடன் முடிந்தால் அந்த அச்சம் நியாயமே. ரொறொன்ரோவில், அன்று ரையர்சன் எனப்பட்ட பல்கலைக்கழகத்தில், கற்பித்தற்றிறனை அளந்து பதவி உயர்வு வழங்க அப்புள்ளிகளைப் பயன்படுத்தலாகாதென 2018இல் நடுத்தீர்ப்பாளர் தீர்ப்பளித்தார். அதைக் காட்டி மாணவரின் வாயை மூட முடியாது. பலகையில் எழுத்துத் தெரியவில்லை, இருபது வருடப் பழைய குறிப்பையே வாசிக்கிறார் என்பதை வாங்கில் இருப்பவரன்றி வேறு யார் சொல்வது?