நடுவுநிலைமையும் ரக்பி ஆட்டமும்

மேனாட்டார் பயிலும் பந்தாட்டங்களுள் ரக்பி மிக்க வலிமையும் துணிவும் வேண்டுவதொன்று. கட்சிக்குப் பதினைவராக முப்பதின்மர் களத்திற் புகுந்து, முட்டைவடிவான பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், ஓடுவோனை மடக்கி வீழ்த்துவதும், எண்மர் எண்மராய்த் தோள் பிணைந்து முட்டித் தள்ளுவதுமாகிய இவ்வாட்டத்திற்கும் கைகலப்புக்கும் இடையே நிற்பது விதிநூல் ஒன்றே. அதனை நடத்துவோர் நடுவர். அவர் தீர்ப்பு இன்று ஒன்றும் நாளை வேறொன்றுமாயின் ஆட்டம் என்னாம்? இக்குறையைப்பற்றியே யாம் ஈண்டுச் சில கூறப் புகுந்தோம். தோற்ற கட்சியார் நடுவரை நோதல் எவ்விளையாட்டிலும் உள்ளதே. அதனை யாம் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை.

பூசல் புதியதன்று. 1871ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் இங்கிலாந்தும் ஸ்காத்லாந்தும் முதன்முறை பொருதபோதே ஸ்காத்லாந்தார் பெற்ற டிரை ஒன்றைக் குறித்து வழக்கெழுந்தது. அன்று நடுவராயிருந்த ஆல்மண்டு என்பார் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஐயம் நேர்ந்தவிடத்து, மிகுதியாகக் கூச்சலிடுங் கட்சிக்கு மாறாகத் தீர்ப்பதே தகும், பிழை பெரும்பாலும் அவர்பாலதாகவே இருக்கும் என்னுங் கருத்தை அவர் பின்னாளில் எழுதிவைத்தார். மாணாக்கர் கூச்சலை நாடோறுங் கேட்டுப் பழகியவரல்லரோ! மீண்டும் 1884ஆம் ஆண்டில் அவ்விரு நாட்டாரும் ஒரு தீர்ப்பைக் குறித்து மனம் வேறுபட்டு, மறு ஆண்டு பொருதாமலே விட்டனர். அதன்மேல் 1886-ல் ஸ்காத்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டார் கூடிப் பொதுச் சபை ஒன்று நிறுவினர். இங்கிலாந்தார் 1890-ல் அதில் இணங்கிச் சேர்ந்தனர். இன்று வேர்ல்ட் ரக்பி என்னும் பெயரால் உலகமெங்கும் விதி வகுக்கும் சபை, இங்ஙனம் ஒரு நடுவர் தீர்ப்பைப்பற்றிய சச்சரவிற் பிறந்ததேயாம்.

மனிதன் கண் பிழைபடுதல் இயல்பு. 2015 அக்டோபர் 18ஆம் நாள் டுவிக்கன்ஹாம் களத்தில், உலகக் கோப்பைக் கால் இறுதியில், ஸ்காத்லாந்து ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 34-க்கு 32 என முன்னின்றது. இறுதி நிமிடங்களில் கிரெய்க் ஜூபேர் என்னும் நடுவர் ஸ்காத்லாந்தார்மேல் ஆப்சைட் குற்றஞ்சாட்டிப் பெனால்டி தந்தார். ஆஸ்திரேலியர் அதனை உதைத்து 35-க்கு 34 என வென்றனர். மறுநாளே, பெனால்டி தகாது, ஸ்க்ரம் ஒன்றே தந்திருக்க வேண்டும் எனச் சபையார் வெளியிட்டனர். ஸ்காத்லாந்தார்க்கு அதனால் ஆறுதல் என்ன? ஆயினும் இமைப்பொழுதிற் செய்த தீர்ப்பாதலின் யாம் அதனைப் பெருங்குற்றமாக எண்ணோம்.

யாம் பொறுக்கலாகாதெனக் கருதுவது, ஏட்டில் உயிரோடிருந்து களத்தில் இறந்துகிடக்கும் விதியை. ஸ்க்ரத்தில் இருகட்சியாரும் குனிந்து முட்டிநிற்க, இடையே பந்தை நேராக இடவேண்டும் என்பது விதி. இடுவோன் தன் கட்சிப்பக்கமாகச் சற்றே ஒதுங்கி நிற்கவும் விதியே இடந்தருகின்றது. அஃதும் போதாதென்று பந்தைத் தன்னவர் கால்களுக்கே கோணலாக உருட்டிவிடுகின்றான். நடுவர் அருகினின்று பார்த்துக்கொண்டேயிருக்கின்றார். என்றேனும் ஒருநாள் ஒரு நடுவர் ஊதலை ஊதிவிடின், பிடிபட்டவன் தனக்கே அநீதி இழைக்கப்பட்டதாகத் திகைக்கின்றான். அவன் திகைப்பிலும் நியாயமுண்டு. முந்திய வாரம் ஐம்பதின்மர்க்குப் பொறுக்கப்பட்டது அவனுக்கு மட்டும் ஏன் குற்றமாயிற்று? ரக் என்னுங் குவியலில் தம் கால்மேல் நில்லாது வீழ்ந்துகிடப்போர் கதையும் இத்தகையதே.

பந்து கோணலாயிற்றேல் போகட்டும். தலைமேற் படும் அடியில் அவ்வாறு சொல்லலாமோ? 2023 செப்டம்பர் 9ஆம் நாள் மார்ஸேல் நகரில், உலகக் கோப்பை ஆட்டத்தின் மூன்றாம் நிமிடத்திலேயே, இங்கிலாந்தின் டாம் கரி, உயரே பந்தைப் பிடித்திறங்கிய அர்ஜெண்டினா வீரரோடு தலை மோதினார். முதலில் மஞ்சட் சீட்டும், பின்னர்ப் படம் பார்த்துச் சிவப்புச் சீட்டும் பெற்று வெளியேறினார். மறுநாள் அதே களத்தில், தென்னாப்பிரிக்கரான ஜெஸ்ஸி கிரீல் நிமிர்ந்தபடியே சென்று ஸ்காத்லாந்து வீரரொருவரோடு தலை மோதினார். சீட்டுமில்லை, பெனால்டியுமில்லை. அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் பாரிஸ் இறுதியாட்டத்தில் நியூஸிலாந்துத் தலைவர் ஸாம் கேன் சிவப்புச் சீட்டுப் பெற்றார்; அவரால் மோதுண்டவர் அந்தக் கிரீலே! தென்னாப்பிரிக்கத் தலைவர் ஸியா கோலிசியும் அவ்வாட்டத்தில் தலைமோதற் குற்றத்திற்கு ஆளானார். அவர்க்கு மஞ்சட் சீட்டே நிலைத்தது. அபாயத்தின் அளவு வேறெனக் கணிக்கப்பட்டமையே காரணம். கணிப்புச் சரியாகவும் இருக்கலாம். ஆனால் 12-க்கு 11 என ஒரு புள்ளியால் முடிந்த ஆட்டத்தில், மறைவிடத்தமர்ந்து படம் நோக்கும் ஓர் அதிகாரி எட்டு நிமிடத்துள் அளந்த அவ்வளவை, களத்திலிருந்தோர் எங்ஙனம் அறிவர்?

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓவன் பாரல் செய்த ஒரு மடக்கலுக்கு முதலில் மஞ்சள், பின்னர்ச் சிவப்பு. விசாரணைக் குழுவார் முன் சிவப்பன்று என்னுந் தீர்ப்பு. சபையாரின் முறையீட்டின்மேல் மீண்டுஞ் சிவப்பும் நான்கு ஆட்டத் தடையும் வந்தன. அம்மாதத்திற்குள்ளேயே இத்தனை புரட்டல்! கற்றறிந்தோரே இவ்வாறு வேறுபடின், பதினெட்டு வயது இளைஞன் எவ்வளவு குனிந்து மடக்கவேண்டுமென எதனைப் பார்த்துக் கற்பான்? 2003ஆம் ஆண்டில் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்துக் கட்சியில் ஆடிய ஸ்டீவ் தாம்ஸன், நாற்பத்திரண்டாம் வயதில், தமக்கு மறதிநோய் கண்டதென்றும் அவ்வெற்றியே நினைவிலில்லை என்றும் 2020-ல் வெளியிட்டார். தலைக்காவல் விதிகள் இத்தகையோர்பொருட்டே கடுமையாக்கப்பட்டன.

விதி தள்ளாடுமிடத்து வசை நடுவர்மேற் பாய்கின்றது. 2021-ல் தென்னாப்பிரிக்க ரக்பி இயக்குநர் ராஸி எராஸ்மஸ், நடுவர் நிக் பெரியின் தீர்ப்புக்களைக் குறைகூறி அறுபத்திரண்டு நிமிடப் படமொன்று வெளியிட்டுத் தடைக்குள்ளானார். பாரிஸ் இறுதியாட்டத்தை நடத்திய வெய்ன் பார்ன்ஸ் தமக்கும் தம் குடும்பத்தார்க்கும் மிரட்டல் வந்ததைக் கூறினார். அவர்க்குப் படம் நோக்கித் துணைநின்ற டாம் போலி அவ்வாண்டு டிசம்பரிலேயே நாடுகளுக்கிடைப்பட்ட ஆட்டங்களினின்று விலகினார். அவரைத் திட்டினவர்களுள் எத்தனைபேர் விதிநூலை ஒருமுறையேனும் புரட்டினரோ!

எம் விருப்பம் பெரிதன்று. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காரணத்தை அன்றிரவே எழுத்தில் வெளியிடுக. தண்டியாமல் விட்ட தலைமோதலுக்கும் அவ்வாறே காரணங் காட்டுக. நடத்த மனமில்லாத விதியை நூலினின்று நீக்குக. இது செய்யலாகாத காரியமன்று. லைன்-அவுட்டில் எதிர்க்கட்சியார் எழும்பிப் பந்துக்குப் போட்டியிடாதபோது, கோணலாக எறியப்பட்டதேனும் ஆட்டத்தைத் தொடரலாமென 2025 ஜனவரி முதல் நாள் தொட்டுச் சோதனைவிதி வகுத்தனர். அங்கே வழக்கத்தையும் ஏட்டையும் ஒன்றுபடுத்த முயன்றனர். ஸ்க்ரம் மட்டும் அத்தகையதொரு முடிவுக்குக் காத்துக்கிடக்கின்றது.