கரடியைக் கட்டிப்போட்டால் பங்கு பிழைக்குமா?

ஒரு பங்கின் விலை சரிந்தால் முதலில் திட்டு வாங்குபவர்கள் ஷார்ட் செல்லர்கள்தான். "அவங்க வித்து வித்தே விலையை இறக்கிட்டாங்க" என்ற புலம்பல் எல்லா ஊர் பங்குச்சந்தைக்கும் பொது. ஜெர்மனியில் ஒரு அரசு அமைப்பே கிட்டத்தட்ட இப்படித்தான் நினைத்தது.

ஷார்ட் செல்லிங் என்பது கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்பது. பக்கத்து வீட்டில் ஒரு மூட்டை அரிசி கடன் வாங்கி 1000 ரூபாய்க்கு ஒருவர் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் விலை 700 ஆனால், ஒரு மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு 300 ரூபாய் பார்க்கலாம். 1500 ஆகிவிட்டால் 500 கைநஷ்டம். பங்கை வாங்கியவருக்குப் போனால் போட்ட பணம்தான் போகும். ஷார்ட் போனவருக்கு நஷ்டத்துக்கு உச்சவரம்பே கிடையாது!

வயர்கார்டு என்ற ஜெர்மன் பேமென்ட் கம்பெனியின் கணக்கு சரியில்லை என்று 2016 பிப்ரவரியிலேயே ஷார்ட் செல்லர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நிதிச் சந்தைகளைக் கண்காணிக்கும் பாஃபின், அறிக்கை எழுதியவர்களைத்தான் விசாரித்தது. அப்போது நாற்பது யூரோ அளவில் இருந்த பங்கு 2018 செப்டம்பரில் 190 யூரோவைத் தாண்டியது. சரியாகக் கணித்து ஷார்ட் போய், அதுவரை தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறியவர்களுக்கு பலத்த அடி. அதே மாதம் காமர்ஸ்பேங்கை வெளியே தள்ளிவிட்டு டாக்ஸ் குறியீட்டுக்குள் நுழைந்தது வயர்கார்டு. இண்டெக்ஸ் ஃபண்டில் பணம் போட்டவர்கள், கம்பெனியின் பெயரே தெரியாமல் அதன் பங்குதாரர் ஆனார்கள்.

2019 ஜனவரி கடைசியில் ஃபைனான்ஷியல் டைம்ஸ், சிங்கப்பூர் அலுவலகக் கணக்குகளைப் பற்றி எழுதியது. பங்கு சரிந்தது. பாஃபின் என்ன செய்தது தெரியுமா? பிப்ரவரி 18 அன்று, இந்தப் பங்கில் புதிதாக ஷார்ட் போக இரண்டு மாதம் தடை விதித்தது. தனி ஒரு கம்பெனிக்காக இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. ஏப்ரலில் அந்த நாளிதழின் இரு நிருபர்கள் மீது குற்றப்புகார் வேறு. நாடி பிடித்துக் காய்ச்சல் என்று சொன்ன வைத்தியர் மேலேயே கேஸ்!

தடை வந்த அன்றே விலை ஏறியது. சிறு முதலீட்டாளர் அந்தத் தடையை எப்படிப் படித்திருப்பார்? "அரசாங்கமே தடுக்கிறது என்றால் கம்பெனி சுத்தம்" என்றுதான். பாஃபின் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் செய்கை சொன்னது. அன்று 100 யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கியவரின் நஷ்டத்தில் பாஃபினுக்கும் பங்கு உண்டு.

2020 ஜூன் 18 அன்று கணக்கில் இருந்த 190 கோடி யூரோவுக்கு ஆதாரம் இல்லை என்று ஆடிட்டர்கள் கைவிரித்தார்கள். பணம் இருப்பதாகச் சொல்லப்பட்ட பிலிப்பைன்ஸ் வங்கிகள் இரண்டும், வயர்கார்டு தங்கள் வாடிக்கையாளரே இல்லை, பத்திரங்கள் போலி என்றன. முந்தின நாள் 100 யூரோவுக்கு மேல் இருந்த பங்கு ஒன்பதே நாளில் 2 யூரோவுக்கும் கீழே. நடுவில் 25-ஆம் தேதி திவால் மனு. திவாலில் கடன்காரர்களுக்குப் போக மிச்சம் இருந்தால்தான் பங்குதாரருக்கு. மிச்சமா? :-)

ஷார்ட் செல்லர்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை. முதலில் ஷார்ட் போய்விட்டு, பிறகு பீதியைக் கிளப்புகிறவர்களும் உண்டு. பொய் சொன்னால் தண்டிக்கலாம், தண்டிக்கவும் வேண்டும். ஆனால் சொன்னது பொய்யா என்று முதலில் பார்க்க வேண்டாமா? ஒரு கம்பெனியின் கணக்கைக் காசு செலவழித்து, சந்தேகத்தோடு நோண்டிப் பார்க்கச் சந்தையில் வேறு யாருக்கு அக்கறை? புரோக்கருக்குக் கமிஷன், வங்கிக்கு வட்டி, விலை ஏறினால் எல்லோருக்கும் சந்தோஷம். உப்பிய விலையில் வாங்கியபோதே முதலீட்டாளரின் பணம் போய்விட்டது. ஷார்ட் செல்லர் அதைச் சொன்னார், அவ்வளவுதான். சீக்கிரம் சொல்லவிட்டிருந்தால் 40 யூரோவிலேயே பலர் தப்பித்திருப்பார்கள்.

பாஃபின் தலைவர் பதவி விலகப்போவதாக 2021 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. நிருபர்கள் மீதான விசாரணையை ம்யூனிக் அரசு வழக்கறிஞர்கள் கைவிட்டது 2020 செப்டம்பரில். அதற்குள் கம்பெனி திவாலாகி இரண்டு மாதம் தாண்டியிருந்தது.