விருது புத்தகத்துக்கா, எழுத்தாளருக்கா? விஷ்ணுபுரம் விருது ஏன் முக்கியம்?

2010-ல் கோவையில் ஒரு இலக்கிய விருது தொடங்கியது. முதலில் பெற்றவர் ஆ.மாதவன். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே, அந்தத் தெரு மனிதர்களைத் தமிழில் எழுதியவர். வயது எழுபதைத் தாண்டியிருந்தும் சாகித்ய அகாடமி அவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை.

அதுதான் விஷ்ணுபுரம் விருது. எழுத்தாளர் ஜெயமோகனின் வாசகர்கள் சேர்ந்து உருவாக்கிய விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் இதை வழங்குகிறது. போதிய கவனம் கிடைக்காத மூத்த படைப்பாளிகளுக்கான விருது இது.

அகாடமி இருக்கும்போது இது எதுக்கு?

அகாடமி பரிசு ஆளுக்கு இல்லை, புத்தகத்துக்கு. அதுவும் குறிப்பிட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் முதன்முதலில் வெளியான புத்தகத்துக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய பெரிய நாவல் கணக்கில் வராது. மாதவனுக்கு 2015-ல் அகாடமி கிடைத்தது. ஆனால் 'கிருஷ்ணப் பருந்து' நாவலுக்கு அல்ல; 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரைத் தொகுப்புக்கு. சதம் அடிச்சவருக்குப் பல வருஷம் கழிச்சு ஃபீல்டிங் பரிசு கொடுத்த மாதிரி!

அவராவது வாங்கிக்கொள்ள இருந்தார். கு.அழகிரிசாமி, ஆதவன், சி.சு.செல்லப்பா ஆகியோருக்கு இறந்த பிறகுதான் வந்தது.

விஷ்ணுபுரம் விருது மொத்த வாழ்நாள் எழுத்தையும் பார்க்கிறது. 2011-ல் பூமணி, 2013-ல் இலங்கை மலையகத்தின் தெளிவத்தை ஜோசப், 2018-ல் ராஜ் கௌதமன் எனப் பட்டியல் நீள்கிறது. பூமணிக்கு அகாடமி வந்தது 2014-ல்தான்.

இன்னொரு வித்தியாசம், விழா. சால்வை போட்டோம், போட்டோ எடுத்தோம், முடிஞ்சுதுன்னு விடுவதில்லை. விருதாளரின் படைப்புகளை வாசித்துவிட்டு வந்த வாசகர்கள் அவரிடமே நேரில் கேள்வி கேட்கிறார்கள். மாதவனைப் பற்றி முதல் ஆண்டிலேயே 'கடைத்தெருவின் கலைஞன்' என்ற விமர்சன நூல் வந்தது. அரசு விழாக்களில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா?

எல்லாம் சரியா?

இல்லை. ஒரு எழுத்தாளரைச் சுற்றி உருவான அமைப்பு என்பதால், அவருடைய ரசனையின் சாயல் தேர்வில் இருக்கத்தான் செய்யும். அதைக்கூட விட்டுவிடலாம். 2010 முதல் 2024 வரை 15 விருதுகள். ஒரு பெண்கூட இல்லை. இதை எப்படி விடுவது?

அம்பையின் முதல் சிறுகதைத் தொகுப்பு 'சிறகுகள் முறியும்' வந்தது 1976-ல். அகாடமி அவரைத் தேடி வந்தது 2021-ல். இடையில் 45 ஆண்டுகள். அகாடமி தவறவிட்டவர்களைத் தேடிப் பிடிக்கிற விருதின் கண்ணிலும் அவர் படவில்லை என்பதற்கு வட்டம்தான் பதில் சொல்ல வேண்டும்.